குளிர வைக்காத வெப்பக் கண்: ஒரு சிறு வரலாறு

இந்த ஆண்டு பழைய மாணவர் சந்திப்பு ஏலகிரியில் என்று முடிவானதும், மலர்க் குழுவினர் என்னிடம், "இயற்பியல் துறை சார்பில் ஒரு கட்டுரை வேணும் சார், ஆனா வணிகவியல் படிச்சவங்களுக்கும் புரியணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். தலைப்புக்காக நான் வெகுதூரம் அலையவில்லை. பொன்னேரியில் திரும்பி, புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்து நில்லுங்கள். நேர் கிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் 20 கிலோமீட்டர் சொச்சத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். மேற்கே அடிவாரத்தில் ஜோலார்பேட்டை சந்திப்பு. வடக்கே வாணியம்பாடியும் அதற்கு அப்பால் ஆம்பூரும். அங்கே டேனரிகளும் ஷூ கம்பெனிகளும்.

வானாய்வகம், ரயில் நிலையம், ஷூ கம்பெனி. இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? தொடாமலேயே சூட்டை அறிவது என்ற ஒரே வித்தைதான். அந்த வித்தைக்கு 200 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் நாட்டவரின் பங்கும் உண்டு; பாடப்புத்தகத்தில் அது அதிகம் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதல் கருவி: ஒரு சாதாரண வெப்பமானி

1800-ஆம் ஆண்டு. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். குமிழில் கறுப்பு பூசியிருந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்தபோது இன்னும் அதிகமாக ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர்.

உலகின் முதல் அகச்சிவப்பு உணரி, வீட்டு அறையின் வெப்பத்திலேயே வேலை செய்த பாதரச வெப்பமானி. அதைக் குளிர வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த அலைநீளக் கதிர் வந்தாலும் கறுப்புப் பூச்சு விழுங்கிக்கொள்ளும், விழுங்கியதும் சூடாகும், சூட்டை அளந்தால் போதும். இன்று "அறை வெப்பநிலையில் இயங்கும் அகன்ற அலைவரிசை உணரி" என்று பெரிய பெயரில் சொல்வதன் அடிப்படையும் இதுவேதான்.

1821-ல் சீபெக், இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். நம் செய்முறை வகுப்பில் கால்வனாமீட்டரை வைத்துக்கொண்டு நாம் திண்டாடிய வெப்ப மின்னிரட்டை அதுதான். இத்தாலியரான நோபிலியும் மெலோனியும் அப்படிப்பட்ட இணைப்புகளைப் பலவாக அடுக்கித் தெர்மோபைல் என்ற கருவியைச் செய்தார்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் உடல் சூட்டையே அது காட்டியதாம். 1880-ஐ ஒட்டி அமெரிக்கரான லாங்லி, மெல்லிய பிளாட்டினத் தகட்டின் மின்தடை சூட்டில் மாறுவதை வைத்துப் போலோமீட்டரைப் படைத்தார். கால் மைல் தூரத்துப் பசுமாட்டின் வெப்பத்தை அது உணரும் என்று பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி, பசுமாடு கருவியைவிடப் பிரபலமாகிவிட்டது!

இலங்கையிலிருந்து போன கல்

இன்னொரு கிளைக் கதை நமக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு வகை வண்ணக் கல்லைக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லைச் சூடாக்கினால் அடுப்புச் சாம்பலை இழுக்கும், பிறகு தள்ளும். அதனால் டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே "சாம்பல் இழுப்பான்". சிலர் "இலங்கைக் காந்தம்" என்றார்கள். கல்லின் இன்றைய பெயர் டூர்மலின். அதுவும் சிங்களச் சொல்லிலிருந்து போனதுதான். 1756-ல் ஏபினஸ் என்ற அறிஞர், இது காந்தமல்ல, மின்சாரம் என்று நிரூபித்தார். வெப்பம் மாறும்போது படிகத்தின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றுகிறது. 1824-ல் புரூஸ்டர் இதற்குப் பைரோமின்சாரம் என்று பெயர் வைத்தார்.

கல் புறப்பட்டு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன பின், 1938-ல்தான் இதை வைத்து அகச்சிவப்பு உணரி செய்யலாம் என்ற யோசனை அச்சேறியது. இன்று ஆள் நடமாட்டம் கண்டவுடன் தானாக எரியும் வராந்தா விளக்கை இயக்குவது பெரும்பாலும் இந்தப் பைரோமின் உணரிதான். டூர்மலினுக்குப் பதிலாக இப்போது செயற்கைப் படிகங்களும் பீங்கான்களும் வந்துவிட்டன. சூடு மாறினால் மட்டுமே இது பேசும். நகராமல் உட்கார்ந்திருந்தால் கழிப்பறையில் விளக்கு அணைந்துபோவது அதனால்தான்.

கல்கத்தாவும் புனேவும்

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஜகதீச சந்திர போஸ் என்றால் செடிக்கு உயிர் உண்டு என்று சொன்னவர் என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவர் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தில் ஒரு உலோக முனையைத் தொடவைத்து உணரி செய்தார். ரேடியோ அலையை மட்டுமல்ல, ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களையும் அது உணர்ந்தது. 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார், எண் 755,840. குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று இதைச் சொல்வார்கள். கலீனா என்பது ஈய சல்பைடு. அதே ஈய சல்பைடைத்தான் 1930-களில் ஜெர்மானியர்கள் மறுபடி கையிலெடுத்து, இரண்டாம் உலகப் போருக்கான அகச்சிவப்பு உணரியாக வளர்த்தார்கள். விதை நம்முடையது, விளைச்சல் வேறு வயலில். போஸுக்குக் காப்புரிமை வாங்குவதிலேயே ஆர்வம் இருக்கவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியே விண்ணப்பித்தார்.

அடுத்தவர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் மாணிக்கம், வைரம் பற்றி ஆராய்ந்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதற்காக முடங்கிப் போகவில்லை. லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, 1948-ல் திரும்பிவந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது எளிய வானிலைக் கருவிகூட வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அன்னா மாணியின் குழு ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, உள்நாட்டிலேயே செய்யும் நிலையைக் கொண்டுவந்தது. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அவர் ஏற்படுத்தினார். அவற்றில் வேலை செய்த முக்கியக் கருவி என்ன தெரியுமா? கண்ணாடிக் கூண்டுக்குள் கறுப்புத் தகடு, அடியில் தெர்மோபைல். மெலோனியின் அதே கருவி, வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் தாங்கும்படி. 1980-ல் அவர் வெளியிட்ட இந்திய சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, பிற்காலத்துச் சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அடிப்படையானது. தவறான அளவு இருப்பதைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளிர்ச்சியின் காலம்

சூட்டால் இயங்கும் உணரிகளுக்கு ஒரு குறை உண்டு. சோம்பேறித்தனம். சூடேற வேண்டும், ஆற வேண்டும். போர்க்காலத்தில் ஏவுகணைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே ஒளித்துகளை நேரடியாக உணரும் குறைகடத்திகள் வந்தன. 1959-ல் இங்கிலாந்தில் பாதரச காட்மியம் டெல்லுரைடு என்ற பொருள் உருவானது. வேகமும் நுட்பமும் அபாரம். ஆனால் ஒரு சிக்கல்.

மனித உடல் பெரும்பாலும் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டித்தான் கதிரை வீசுகிறது. அந்த ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 0.12 எலக்ட்ரான் வோல்ட். மிகச் சிறியது. அவ்வளவு சிறிய ஆற்றலுக்கே அசைந்துகொடுக்கும் பொருள், தன் சொந்தச் சூட்டினாலேயே ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். வந்தது வெளிக்கதிரா, சொந்தச் சூடா என்று பிரிக்க முடியாது. திருவிழாக் கூட்டத்தில் காதோடு ரகசியம் சொன்ன மாதிரி. ஆகவே கூட்டத்தை அடக்க வேண்டும். அதாவது திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும்.

வானியலாளர்களுக்கும் இதே பாடுதான். காவலூரை வைணு பாப்பு தேர்ந்தெடுத்து, 1968-ல் சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கினார். 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த 1977 மார்ச் 10 அன்று, கோளைச் சுற்றி வளையம் இருப்பதற்கான அறிகுறியைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். அகச்சிவப்பைக் கண்ட ஹெர்ஷலின் கோளுக்கு ஜவ்வாது மலை செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் அகச்சிவப்பு வானியலுக்கு 725 மீட்டர் உயரம் போதாது. காற்றிலுள்ள நீராவி அந்தக் கதிர்களை வழியிலேயே குடித்துவிடும். தொலைநோக்கியும் காற்றும்கூடத் தம் சூட்டால் 10 மைக்ரானில் தாமே ஒளிர்கின்றன. அதனால்தான் அபு மலையில் 1,680 மீட்டரில் குருசிகரும், லடாக்கில் 4,500 மீட்டரில் ஹான்லேயும் அந்த வேலைக்குத் தேர்வாயின. அங்கே உயரமும் வறட்சியும், கருவிக்குள்ளே கடுங்குளிரும் வேண்டும்.

மறுபடி சூட்டுக்கே

குளிர்விக்கும் இயந்திரம் விலை அதிகம், கனம் அதிகம், அடிக்கடி பழுது. தீயணைப்பு வீரர் கையில் அதைக் கொடுக்க முடியுமா? 1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் ராணுவ உதவியோடு ரகசியமாக ஒரு வேலை செய்தது. லாங்லியின் போலோமீட்டரை எடுத்துக்கொண்டு, அதை மைக்ரான் அளவுக்குச் சுருக்கிச் சிலிக்கான் சில்லின் மீது ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தியது. ஒவ்வொன்றும் இரண்டு மெல்லிய கால்கள் மேல் நிற்கும் ஒரு குட்டி மேசை. சில்லுக்கும் மேசைக்கும் இடைவெளி இரண்டு, இரண்டரை மைக்ரான். மேசைமேல் வனேடியம் ஆக்சைடு பூச்சு. ஒரு டிகிரி சூட்டுக்கு அதன் மின்தடை சுமார் 2 சதவீதம் மாறும். சூடு காற்றில் ஓடிவிடாமலிருக்க முழுவதையும் வெற்றிடத்தில் அடைத்துவிட்டார்கள்.

எதிரே இருக்கும் பொருள் ஒரு டிகிரி மாறினால், அந்த மேசை மாறுவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பாகம்தான். அதைக்கூட அளக்க முடிந்தது. சோம்பேறித்தனமும் போயிற்று. மேசை அவ்வளவு சிறியதாகையால் சில மில்லி வினாடியில் சூடேறி ஆறிவிடும். நகரும் படத்துக்கு அது போதும். 1992-ல் ரகசியம் நீங்கியது. அதன்பின் விலை இறங்கிக்கொண்டே வந்தது.

நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பியபோது அதனுள் இருந்த ஐந்து கருவிகளில் ஒன்று வெப்ப அகச்சிவப்பு நிறமாலைமானி. எடை 3.2 கிலோ, 7 முதல் 13 மைக்ரான். அதன் கண்ணாக இருந்தது குளிர வைக்காத மைக்ரோபோலோமீட்டர்தான். குளிர்விப்பான் வைத்திருந்தால் அந்த எடைக்குள் அது அடங்கியிருக்காது. கோவைக்குப் பக்கத்தில் எட்டிமடை - வாளையாறு ரயில் பாதையில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் வனத்துறை 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களுமாக 24 பொருத்தியது. யானையின் உடல் சூடு, அதன் உயிரைக் காக்கும் செய்தியாகிறது. ரயில்வேயிலும் பழைய நாளில் வண்டி வந்து நின்றதும் ஊழியர் ஆக்ஸில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இப்போது கையடக்க வெப்பமானியைக் காட்டிப் பார்க்கிறார்கள்.

ஆம்பூர் வாசலில்

2020-ல் இந்தக் கருவி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஊரடங்குக்குப் பிறகு ஷூ கம்பெனிகள் திறந்தபோது, கேட்டில் ஒருவர் கையில் துப்பாக்கி மாதிரி வெப்பமானி. உள்ளே இருப்பது ஒரு சின்னத் தெர்மோபைல். நெற்றியில் காட்டுவார், எண் வரும், உள்ளே விடுவார்.

என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அப்போது ஒரு கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். மே மாத வெயிலில் பஸ் இல்லாமல் நான்கு கிலோமீட்டர் நடந்து போயிருக்கிறாள். எண் 100-ஐத் தாண்டிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய கூலி போயிற்று. அதைவிட, "அவளுக்கு வந்துடுச்சாம்" என்ற பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. மூன்று நாள் யாரும் அவள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சலே இல்லை. "அண்ணா, அந்தத் துப்பாக்கி பொய் சொல்லுமா?" என்று போனில் கேட்டாள்.

துப்பாக்கி பொய் சொல்லவில்லை. நாம்தான் தப்பாகக் கேள்வி கேட்டோம். அது அளப்பது தோலின் மேற்பரப்பை மட்டுமே. வெயிலில் நடந்து வந்த நெற்றி சூடாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் மர நிழலில் உட்கார வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நிஜமாகவே காய்ச்சல் உள்ளவர் வியர்த்து, மின்விசிறிக்கு அடியில் நின்றால் எண் குறைந்து காட்டும்.

அதோடு, அந்தத் துப்பாக்கி தோலின் சூட்டை அப்படியே காட்டுவதில்லை. உள் உடம்பின் சூடு எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கூட்டிக் காட்டுகிறது. தெர்மோபைல் உணர்வதோ தனக்கும் எதிரே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஆகவே தன் சொந்தச் சூட்டைத் தனியாக அளந்து அதோடு சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலான கருவிகளுக்கு 40 டிகிரி வரைதான் உத்தரவாதம். புத்தகத்தில் அறை வெப்பநிலை என்றால் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். வேலூர் ஜில்லாவில் மே மாதம் எந்த அறை 27 டிகிரியில் இருக்கிறது? வெளியே 42 டிகிரி இருக்கும்போது, மனிதத் தோலைவிடச் சுவரே சூடு. குளிர வைக்காத கருவிக்கும் நம்ம ஊரில் நிழல் வேண்டும்.

ஷூ கம்பெனிக்கு உள்ளேயும் இதே பாடம் உண்டு. சோல் ஒட்டும் பசையைச் சூடாக்கும் இடத்தில் இதே துப்பாக்கியைக் காட்டுகிறார்கள். தோலுக்கும் ரப்பருக்கும் சரியாகக் காட்டும். பளபளக்கும் இரும்புத் தகட்டுக்குக் காட்டினால் குறைத்துக் காட்டும். பளபளப்பான உலோகம் குறைவாகவே கதிர் வீசும். எதிரே உள்ளதைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். நம்பித் தொட்டால் கை வெந்துபோகும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஹெர்ஷலுக்கு ஒரு முப்பட்டகமும் சில வெப்பமானிகளும் போதுமாக இருந்தன. நம் ஆய்வகத்தில் இரண்டும் இருக்கின்றன. முதலாண்டு மாணவர்கள் ஒரு வெயில் நாளில் அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். சிவப்புக்கு அப்பால் எண் ஏறும்போது கிடைக்கிற சந்தோஷத்தை எந்த விரிவுரையும் தராது.

பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஒரு தகர டப்பாவின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, வாய் மட்டும் வெளியே தெரியும்படி நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரைக் கலக்கியபடி 37 டிகிரியில் நிறுத்தினால், அதுவே நல்ல கரும்பொருள். நீரில் நம்பகமான ஒரு வெப்பமானி. துப்பாக்கியைப் பரப்பு வெப்பம் காட்டும் நிலையில் வைத்து டப்பாவுக்குள் காட்டினால், அது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். செலவு அதிகமில்லை. துறையில் இதை நிரந்தரமாக வைத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், கம்பெனிகள் தங்கள் வெப்பமானியைக் கொண்டுவந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகச் சரிபார்த்துப் போகலாம் என்று அறிவிக்கலாம். மாணவருக்குச் செய்முறை, ஊருக்கு உபகாரம்.

அன்னா மாணி வாழ்நாள் முழுக்கச் செய்ததும் இந்தச் சரிபார்க்கிற வேலைதான். பெரிய கண்டுபிடிப்பு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி ஒரு கருவியின் எண்ணில் தொங்கும்போது, அந்த எண் சரிதானா என்று பார்க்கிற கடமை இயற்பியல் படித்த நமக்கு உண்டு. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் தயார். வழிமொழிய யாராவது ஒருவர் கை தூக்கினால் போதும்.